தள்ளிப்போன கல்யாணம், எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மா: அப்படி ஒரு அடைப்பு மறுபடி வந்தால் என்ன செய்வது?

கேள்வி இது: "எங்களுக்குக் கம்பம் பக்கம். 2020-ல் தங்கச்சி கல்யாணத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தோம். அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் குமுளிக்கு அந்தப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார். ஜீப்பில் ஒரு மணி நேரத் தூரம், மாதக்கணக்கில் பார்க்க முடியவில்லை. இப்போது கேரளாவில் நிபா என்று செய்தி வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மறுபடி அப்படி வந்தால் நின்றுபோகிற காரியங்களையும் தனிமையையும் எப்படிச் சமாளிப்பது?"

நிபா பயத்தை முதலில் அளவோடு வைத்துக்கொள்வோம். 2018-ல் கோழிக்கோட்டில் தொடங்கி அது கேரளத்தில் பல முறை தலைகாட்டியிருக்கிறது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களை 21 நாள் கண்காணித்து, தேவைப்பட்டபோது சில வார்டுகளை அடைத்து, பெரிதாகப் பரவாமல் நிறுத்தினார்கள். கொரோனா மாதிரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் சுலபமாகத் தொற்றுகிற நோய் அல்ல. எல்லையில் காய்ச்சல் பார்க்கிறார்கள் என்றால் எல்லையை மூடப்போகிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஆனால் கேள்வியின் அடியில் இருப்பது நியாயமான கவலைதான். 2020 மார்ச் 25 முதல் 21 நாள் ஊரடங்கு என்றார்கள். அது மே 3 ஆனது, மே 17 ஆனது, மே 31 ஆனது. 68 நாளையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் இன்னும் நன்றாகவே தாங்கியிருப்பார்கள். சார்ஸ் போன்ற பழைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மனதை உடைப்பவை என்று அது சொன்னவற்றில் பெரும்பாலானவை வீட்டில் இருப்பவர்கள் கை வைக்கக்கூடியவை: காலம் நீள்வது, சரியான தகவல் இல்லாதது, சாமான் தீர்வது, சலிப்பு, பண நஷ்டம், ஊர் ஒதுக்குவது. சொன்ன கெடுவை நீட்டாதீர்கள் என்று அரசுகளுக்கும் சொல்லியிருந்தது. அரசு நீட்டுவதை நம்மால் தடுக்க முடியாது. நம் வீட்டுக் காரியங்களுக்கு நாமே கெடு வைத்துக்கொள்ள முடியும். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அதைச் சுற்றித்தான்.

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். "நிலைமை சரியானதும் பார்ப்போம்" என்று விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. அப்படி விட்டால் தினமும் ராத்திரி அதே பேச்சு ஓடும், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் மனத்தாங்கல் வரும், மண்டபக்காரரும் சமையல்காரரும் ஆளுக்கு ஒரு கணக்கில் இருப்பார்கள். அதற்குப் பதில் முகூர்த்தத்துக்கு 15 நாள் முன்னால் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போனில் பேசி, அன்றைக்கு அமலில் இருக்கும் உத்தரவை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டும். அடுத்த வாரம் தளர்த்துவார்கள் என்று எவர் சொன்னாலும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த நாள் வரும்வரை வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றும் ஒத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குத் தடை போடுவது சின்ன விஷயமாகத் தெரியும். அது தருகிற நிம்மதி பெரிது.

15 நாள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மளிகைச் சாமான் ஒரு வாரம் முன்னால்தான் இறங்கும், காய்கறி முந்தின நாள் இறங்கும், பூ முந்தின நாள் ராத்திரி. பதினைந்து நாள் முன்னால் நிறுத்தினால் யாருக்கும் சரக்கு தேங்காது. சமையல்காரர் ஏற்கெனவே மளிகை வாங்கிவிட்டார் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு மல்லுக்கட்டாமல் அந்தச் சாமானை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் கெட்டுப்போகாது. மண்டபத்துக்குப் பேசும்போது பணத்தைக் கேட்பதைவிட வேறு தேதியைக் கேட்டால் காரியம் நடக்கும், ஏனென்றால் வாங்கின அட்வான்ஸை அவர் பெரும்பாலும் செலவழித்திருப்பார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆகவே சித்திரை, வைகாசியில் நின்றவை எல்லாம் ஆவணியில் வந்து முட்டும். முதலில் கேட்பவருக்குத்தான் நல்ல முகூர்த்தம். பேசி முடித்ததும் "அண்ணே, நீங்க சொன்னபடி அட்வான்ஸ் இத்தனை ரூபாய் அப்படியே இருக்கு, ஆவணி இன்ன தேதிக்கு மாத்தியிருக்கோம்" என்று வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து ஒரு 'சரி' வாங்கி வையுங்கள். தேதியும் தராமல் பணமும் தராமல் இழுத்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளைச் சொல்லுங்கள். அரசு உத்தரவால் நடத்தவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, வாங்கிய ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவற்றின் சாரம். கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு பத்திரம் எழுதுபவரையோ தெரிந்த வக்கீலையோ விட்டுப் பேசச் சொன்னாலே பாதி இழுபறி முடிந்துவிடும்.

அடுத்து, கல்யாணத்தை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். தாலி கட்டுவது ஒன்று, ஊர்ச்சாப்பாடு இன்னொன்று. முதலாவதைக் குறித்த முகூர்த்தத்தில் வீட்டுத் திண்ணையிலோ பூட்டின கோயில் வாசலிலோ நடத்தியவர்கள் ஏராளம். 2020 ஜூனில் உடுமலை–மறையூர் ரோட்டில், சின்னாறு சோதனைச்சாவடியிலேயே தாலி கட்டிய ஜோடி உண்டு. ஒரு பக்கத்து வீட்டார் எல்லைக்கு இந்தப்புறம், மறு பக்கத்தார் அந்தப்புறம். விருந்தைப் பின்னால் வைக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு தேதி அன்றைக்கே சொல்லப்பட வேண்டும். சொல்லாத விருந்து நடப்பதே இல்லை, அந்த மனக்குறை பெண்ணுக்கு வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாரும் சறுக்குகிற இடம் ஆள் கணக்கு. 2020 மே முதல் கல்யாணத்துக்கு 50 பேர் என்று வந்தது. பங்காளி, சம்பந்தி, மாமன் மச்சான் என்று எண்ணினால் தெற்குச் சீமையில் 50 என்பது ஒரு தெரு. "உன்னைக் கூப்பிடலாமா, அவரைக் கூப்பிடலாமா" என்று ஆளை வைத்து யோசித்தால் கட்டாயம் பகை வரும். விதியை வையுங்கள்: வீட்டுக்கு ஒருத்தர், தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் இரண்டு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே போய் ஆசீர்வாதம். விதியை எல்லாருக்கும் ஒரே செய்தியில் சொல்லிவிட்டால் விடுபட்டவர் கோபம் விதி மேல் போகும், உங்கள் மேல் வராது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்களுக்கு மட்டும் பெரியவர் ஒருவர் நேரடியாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வெறும் குறுஞ்செய்தி போனால் அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டுவார்கள். மொய்யை முகூர்த்தத்தன்று வாங்காமல் விருந்து நாளுக்கு ஒத்திவைப்பது நல்லது. மொய் திரும்பச் செய்கிற கடன். சாப்பாடு போடாமல் வாங்கினால் கொடுத்தவருக்கும் சங்கடம், வாங்கினவருக்கும் சங்கடம்.

திருவிழா, நேர்த்திக்கடன் இவை வேறு ஜாதி. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா 2020-லும் 2021-லும் நடக்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் அந்த இரண்டு வருஷமும் போக விடவில்லை. அக்னிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், குறிப்பாகப் பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டி நேர்ந்துகொண்ட பெண்கள், இதனால் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். "சாமி குத்தம்" என்கிற பயத்தை மூடநம்பிக்கை என்று அறிவுரை சொல்லி அடக்கினால் அது உள்ளே போய்விடும், குறையாது. இதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. குளித்துவிட்டு, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லி முடிந்து, சாமி படத்தடியில் வைக்கிற பழக்கம். இந்தக் காசு உண்டியலுக்குப் போகும்வரை கடன் நிலுவையில் இருக்கிறது, மறக்கவில்லை என்று அதற்குப் பொருள். அடுத்த திருவிழாவுக்கு எடுத்துப் போகலாம். இதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் மூத்த பெண்மணியோ கோயில் பூசாரியோ. மருமகன் சொன்னால் எடுபடாது. கோயில்களும் இதே மாதிரி வழி கண்டன. மதுரையில் 2020 மே 4-ல் மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்களோடு உள்ளே நடத்தி நேரலையில் காட்டினார்கள், பெண்கள் வீட்டிலேயே புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயில் பொங்கலை அவரவர் வீட்டு வாசலில் வைத்தார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில், கையால் ஏதாவது செய்தால் மனம் ஏற்றுக்கொள்கிறது. வெறுமனே உட்கார்ந்து டிவி பார்த்தால் ஏற்பதில்லை.

சாவுக்குப் போக முடியாதது எல்லாவற்றையும்விடக் கொடுமை. முகம் பார்க்காத சாவு மனதில் முடிவதில்லை. 20 பேர் என்ற வரம்பு இருந்தபோது எல்லை தாண்டி வர முடியாத மகள்கள் இருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவர் மூன்று காரியம் செய்ய வேண்டும். கடைசி நாளில் என்ன பேசினார், என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தார் என்பதை அன்றைக்கே வர முடியாதவருக்குப் போனில் விவரமாகச் சொல்ல வேண்டும். மென்று முழுங்கினால் அவர் மனம் அதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்ளும். முகத்தை வீடியோவில் காட்டலாமா என்று அவரையே கேளுங்கள், கேட்காமல் அனுப்பாதீர்கள். அஸ்தியில் கொஞ்சத்தைப் புதுக் கலயத்தில் துணி கட்டி வீட்டுக்கு வெளியே மரத்திலோ இறவாரத்திலோ கட்டி வையுங்கள். வழி திறந்ததும் அவர் வந்து சுருளித் தீர்த்தத்தில் கரைக்கட்டும். பதினாறாம் நாள் காரியத்தை இங்கே செய்கிற அதே நேரத்தில் அவரும் அங்கே விளக்கேற்றி ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட்டால் போதும். வருஷத் திதிக்கு எல்லாரும் கூடுவதை அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இனி லயத்தில் தனியாக இருக்கிற அம்மா.

தேனியிலிருந்து இடுக்கிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழி. மூன்றையும் ஒரே நாளில் அடைக்க முடியும் என்று 2020 காட்டிவிட்டது. அப்போது தமிழ்நாட்டு இ-பாஸ் ஒன்று, கேரளத்தின் ஜாக்ரதா தளத்தில் வாங்குகிற பாஸ் ஒன்று, இரண்டும் கையில் இருந்தால்தான் தாண்ட முடியும். ஒன்றை வைத்துக்கொண்டு போய்ச் சாவடியில் நாள் பூராவும் நின்று திரும்பியவர்கள் கணக்கில்லை. போன பிறகு தனிமைப்படுத்தல் வேறு. ஆகையால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அம்மா அங்கேயே இருப்பதா, இங்கே வருவதா? லயத்தில் பக்கத்து வீட்டில் தெரிந்த குடும்பம் இருந்து, தண்ணீரும் ரேஷனும் கிடைத்து, தோட்டத்தில் கொஞ்சமாவது வேலை இருந்தால் அங்கேயே இருப்பது நல்லது. சர்க்கரை, நெஞ்சு வலி மாதிரி ஏதாவது இருந்து பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றால் அடைப்பு இறுகுமுன் அழைத்து வந்துவிடுங்கள். நடுவில் மனம் கேட்கவில்லை என்று காட்டுப் பாதையில் நடந்து வரச் சொல்ல மட்டும் கூடாது. 2020 மார்ச்சில் தோட்டத்திலிருந்து போடி மலை வழியாக ஊருக்கு நடந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டி உயிரை விட்டார்கள். மாசி, பங்குனியில் அந்த மலை காய்ந்து கிடக்கும்.

மாத்திரை எப்போதும் 30 நாளைக்குக் கையில் இருக்கட்டும், பத்து நாள் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் மருந்தின் பெயரை வைத்துச் சரிபார்க்கலாம். அங்கே வார்டின் ஆஷா பணியாளர் (வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்) யார் என்று இப்போதே பெயரும் நம்பரும் வாங்கி வையுங்கள். 2020-ல் கேரளத்தில் மருந்தும் சாப்பாடும் தனியாக இருந்தவர்களின் வாசலுக்குப் போனதற்கு ஆஷாக்களும், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் பஞ்சாயத்துகளோடு நடத்திய சமூகச் சமையலறைகளும்தான் காரணம். தமிழ்நாட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் பிபி, சர்க்கரை மாத்திரைக்குக் கைகொடுக்கும். டாக்டரைப் பார்க்க இ-சஞ்சீவனி இருக்கிறது. அது 2020 ஏப்ரலில் வந்தது, வீடியோவில் பேசி மருந்துச் சீட்டு வாங்கலாம். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அது ஒரு நாளும் தீரக் கூடாது. அந்த வகையில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

போன் பேசுவதில் பலர் நினைப்பது தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதைவிடத் தினம் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிஷம், சொன்ன நேரத்தில் பேசுவது பல மடங்கு மேல். காலையில் ஏழு, ராத்திரி எட்டு என்று வையுங்கள். லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்றால் அவர் தண்ணீர் பிடிக்க மேட்டுக்கு வருகிற நேரமே உங்கள் நேரம். நேரம் தெரிந்தால் அதற்காக எழுந்து முகம் கழுவித் தலைவாரிக்கொள்வார். அந்த நாளுக்கு ஒரு பிடி கிடைக்கும். அழைப்பு வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று உங்களுக்கும் உடனே தெரியும்.

என்ன பேசுவது என்பதும் முக்கியம்.

"என்னம்மா பண்ற?"
"சும்மாத்தான்ப்பா இருக்கேன்."
"சாப்ட்டியா?"
"ஆச்சு ஆச்சு."

இது ஒரு நிமிஷத்தில் செத்துப்போகிற பேச்சு. மூன்றாம் நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கடமையாகிவிடும். இதற்குப் பதில்:

"அம்மா, மொச்சக் கொழம்புக்குப் புளிய எப்ப ஊத்தணும்? உம் மருமக அடுப்புல ஏத்திட்டு நிக்கிறா."

இதற்கு அவர் பத்து நிமிஷம் பேசுவார். அடுத்த நாள் "கொழம்பு எப்படி வந்துச்சு?" என்று அவரே கேட்பார். தனியாக இருப்பவரிடம் நலம் விசாரித்துக்கொண்டே இருந்தால் தான் ஒரு பாரம் என்ற எண்ணம்தான் வளரும். அவரிடம் ஒன்றைக் கேளுங்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். பேத்திக்கு ராத்திரிக் கதை சொல்கிற பொறுப்பு, சொந்தக்காரர்களில் யார் யார் சுகமில்லாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிற பொறுப்பு, எதுவானாலும் சரி. பட்டன் போன் என்றால் 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு அழைப்பு வருகிற மாதிரி செய்துவையுங்கள். ரீசார்ஜ் தீரும் தேதியை உங்கள் போனில் குறித்து நீங்களே போட்டுவிடுங்கள். பல வீடுகளில் தொடர்பு அறுந்ததற்குக் காரணம் இது ஒன்றுதான். வீடியோ அழைப்பில் அவர் முகத்துக்கு எதிரே வெளிச்சம் வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நிழல்தான் தெரியும். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தால் கை வலிக்காது. காது மந்தமானவருக்கு ஸ்பீக்கரைவிட வயர் மாட்டுகிற இயர்போன் தெளிவாகக் கேட்கும்.

தொற்று என்று வீட்டுக்குள்ளேயே ஒருவரை ஒரு அறையில் வைத்திருந்தால், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுவதுதான் மனதைக் குத்துகிறது. தீட்டுக்காரரை நடத்துவது மாதிரி இருக்கும். ஆறடிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, ஜன்னல் கதவைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு ஒருவர் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசலாம். தெருவுக்கு விஷயத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே வீட்டுப் பெரியவர் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் வதந்தி முந்திக்கொள்ளும். 2020-ல் நோய் கண்டதால் தகரம் அடித்து அடைத்த தெருக்களில் நோயைவிட அந்தப் பேச்சுதான் பலரை வாட்டியது. "எங்க வீட்ல காய்ச்சல் இருக்கு, ஒரு வாரம் வெளிய வரமாட்டோம், காலைல ஒரு பாக்கெட் பால் மட்டும் கேட்டுல மாட்டிட்டுப் போங்க" என்று குறிப்பாகக் கேட்டால் அக்கம்பக்கத்தார் செய்வார்கள். பொதுவாக "உதவி வேணும்" என்றால் பின்வாங்குவார்கள்.

உங்கள் நாளைப் பற்றிச் சுருக்கமாக. சரிவில் எட்டு மணி நேரம் ஏறி இறங்கிக் காய் எடுத்த உடம்பு திடீரென்று திண்ணையில் உட்கார்ந்தால் ராத்திரி தூங்காது. அதை மனக்கவலை என்று எடுத்துக்கொள்வார்கள். பாதி, உடம்பு அலுக்காததுதான். காலையில் எழுகிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், படுக்கிற நேரம் தானாகச் சரியாகும். எழுந்து அரை மணிக்குள் வெயில் முகத்தில் பட வேண்டும். மதியத் தூக்கம் 30 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். வியர்க்கிற மாதிரி ஒரு வேலை தினம் அரை மணியாவது. செய்தி இரண்டு வேளை போதும். எல்லையோரக் குடும்பங்களுக்கு 2020-ல் இதில் இரட்டைச் சுமை: இங்கே சென்னை அறிக்கை, அங்கே சாயங்காலம் ஆறு மணிக்குக் கேரள முதல்வர் பேசுவது, நடுவில் இரண்டு மொழியிலும் வாட்ஸாப் ஆடியோ. யார் குரல் என்றே தெரியாத ஆடியோவைக் கேட்காமலே அழித்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒப்பீடுதான் பிரச்சினை. 2020-ல் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி மிச்சப் பரீட்சையை மே கடைசியில் நடத்தினார்கள். தமிழ்நாட்டில் ஜூன் 9-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையையே ரத்து செய்து எல்லாரும் பாஸ் என்றார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிள்ளை எழுதினான், தங்கை பிள்ளை எழுதவில்லை. எழுதாமல் பாஸான பிள்ளைக்கு "சும்மா பாஸ்" என்ற கிண்டல் ஆறாத காயம். அந்த வார்த்தையை வீட்டில் எவரும் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் நிறுத்த வேண்டும். படித்த பாடத்தில் ஒரு மாதிரித் தேர்வை வீட்டில் எழுதவைத்து, மார்க் போட்டு, அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குடி பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. கடை திடீரென்று மூடினால், தினமும் நிறையக் குடித்தவர் உடம்பு 6–8 மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். 12-லிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பது, குழறுவது, காய்ச்சல், எழுந்து ஓடுவது என்று வந்தால் அது உயிர் போகிற நிலை. பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போகாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், குடி நின்று எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, தெரிந்தால் வைட்டமின் பி1-ம் சேர்த்துக் கொடுப்பார்கள். 2020 மார்ச்சில் கடை மூடிய சில நாளிலேயே கேரளத்தில் இதனால் தற்கொலைகள் நடந்தன. டாக்டர் சீட்டுக்கு மது கொடுக்கலாம் என்று அரசு போட்ட உத்தரவை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடில் அந்த ஜூலைக் கடைசியில் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடைப்புப் பேச்சு எழும்போதே டாக்டரிடம் காட்டி மருந்தோடு குறைப்பதுதான் வழி. பாட்டிலை ஒளித்துவைத்து "இனி திருந்துவார்" என்று இருப்பது ஆபத்து.

எப்போது இது சாதாரண வருத்தம் இல்லை என்று தெரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் விட்டுப்போவது, பேச்சு சுருங்குவது, நகை, பாஸ்புக் எல்லாம் எங்கே இருக்கிறது என்று திடீரென்று எடுத்துச் சொல்வது, "நான் இல்லாட்டி உங்களுக்குச் சுமை குறையும்" என்பது. இப்படிக் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பலருக்குச் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல்தான் வரும். ஏலத்துக்கும் திராட்சைக்கும் அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் வைக்கிற பழக்கம் நம் பக்கம் சகஜம். அதை அன்றைக்கே எடுத்துத் தோட்டத்துக் குடோனிலோ பக்கத்து வீட்டிலோ பூட்டிவையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிஷங்களில், சில மணி நேரத்தில் தணிவது. கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசு இல்லை. மாநில அரசுகளின் சுகாதார உதவி எண்கள்: தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திசா 1056. முதியவர்களுக்கென்று 14567. நான்கு நம்பரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் லயத்துச் சுவரில் இப்போதே ஒட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, வழி திறந்த பிறகு வருகிற சிக்கல். மாதக்கணக்கில் தனியாக இருந்தவர் சிலர் ஜீப் வந்து நின்றாலும் "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார்கள். கூட்டம், சத்தம், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்கிற கேள்வி எல்லாம் அவர்களுக்கு அசதியாக இருக்கும். இது பிடிவாதமோ பாசக் குறைவோ இல்லை. முதல் தடவை ஒருவர் மட்டும் போய் ஒரு ராத்திரி தங்கி வாருங்கள், பேரப்பிள்ளைகள் அடுத்த வாரம் வரட்டும். ஊருக்கு அழைத்து வந்தாலும் வந்த அன்றைக்கே சொந்தக்காரர் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாதம் ஆகியும் வாசலைத் தாண்ட மறுக்கிறார் என்றால் மேலே சொன்ன நம்பரில் பேசுங்கள்.